விதை முதல் சில்லு வரை: காப்புரிமை எதைத்தான் காக்கிறது?

கேள்வி: தேடல்மனம்

வணக்கம்.

காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்புகளைப் பற்றிய சுருக்கக் குறிப்புகளைச் சில மாதங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். விதைகளைச் சீரான இடைவெளியில் ஊன்றும் கருவி, ஒரு துளிக் குருதியிலிருந்து நோயை அறியும் முறை, கனரக வண்டிக்கான பிரேக் அமைப்பு, கணினிச் சில்லின் வெப்பத்தை வெளியேற்றும் அடுக்கு என ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருகின்றன. மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி இவற்றை எழுதித் தர வேண்டும் என்பது என் விருப்பம். எழுத அமர்ந்த பிறகுதான், எனக்கே தெளிவில்லாத இடங்கள் எத்தனை என்பது தெரிகிறது.

முதலாவது, உழவுக் கருவியையும் நோயறியும் முறையையும் சில்லையும் சட்டம் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறதா? இரண்டாவது, ‘மேம்பட்ட பிரேக் அமைப்பு’ என்று ஒரு தலைப்பைப் பார்க்கிறேன். பிரேக் நூறாண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது, அப்படியிருக்க அதில் எந்தப் பகுதி இந்த ஒருவருக்கு உரியதாகிறது? மூன்றாவது, காப்புரிமை கிடைத்துவிட்டால், அந்தப் பொருள் வேலை செய்கிறது என்று அலுவலகம் சோதித்துச் சான்றளித்துவிட்டது எனக் கொள்ளலாமா? செய்திக் குறிப்புகள் பல அப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு ஐயமாக இருக்கிறது.

தவறான ஒரு வரி மாணவர் மனத்தில் பதிந்துவிடக் கூடாது என்ற கவலையால் கேட்கிறேன். துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1: வரைவுமேசை

காப்புரிமை விண்ணப்பங்களை வரைந்து கொடுப்பது என் தொழில். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும்.

காப்புரிமை ஆவணத்தில் தலைப்பு, சுருக்கம், விரிவான விளக்கம், வரைபடங்கள், உரிமைக்கோரிக்கைகள் ஆகியவை இருக்கும். இவற்றுள் உரிமையின் எல்லையை வகுப்பது உரிமைக்கோரிக்கைகள் மட்டுமே. நிலப் பத்திரத்தில் ஊர்ப்பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் இருந்தாலும், நான்கெல்லை எங்கே சொல்லப்பட்டிருக்கிறதோ அதற்குள் அடங்குவதுதான் நிலம். ‘மேம்பட்ட பிரேக் அமைப்பு’ என்பது ஊர்ப்பெயர். எந்த உறுப்பு எதனோடு எப்படி இணைந்திருக்கிறது, என்ன நிகழும்போது அது என்ன செய்கிறது என்பதையெல்லாம் ஒரே நீண்ட வாக்கியத்தில் அடக்கிச் சொல்லும் முதல் கோரிக்கைதான் நான்கெல்லை. அதில் சொல்லப்பட்ட உறுப்புகள் அனைத்தும் இன்னொருவரின் பொருளில் இருந்தால்தான் மீறல் என்ற பேச்சே எழும். ஒன்று இல்லாவிட்டாலும் பொதுவாக மீறல் ஆகாது.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்குச் சில்லின் பிறப்பைவிடச் சிறந்த சான்று இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் கில்பி, ஒரே ஜெர்மேனியத் துண்டில் முழு மின்சுற்றையும் அமைத்து 1958 செப்டம்பர் 12 அன்று இயக்கிக் காட்டினார். அதன் உறுப்புகளை இணைத்தவை கையால் பொருத்தப்பட்ட மெல்லிய தங்கக் கம்பிகள். 1959 பிப்ரவரியில் அவர் விண்ணப்பித்தார். அதே ஆண்டு ஜூலையில் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ராபர்ட் நாய்ஸ், சிலிக்கனின் மேல் ஆக்சைடு படலம் ஒன்றை விட்டுவைத்து, அந்தப் படலத்தை ஒட்டியபடியே ஓடும் உலோகத் தடங்களால் உறுப்புகளை இணைக்கும் அமைப்புக்கு விண்ணப்பித்தார். நாய்ஸுக்கு 1961இலும் கில்பிக்கு 1964இலும் காப்புரிமை கிடைத்தது.

யார் முந்தியவர் என்று தொடங்கிய வழக்கு, கடைசியில் கில்பியின் விண்ணப்பத்திலிருந்த ஒரே ஒரு வரியில் வந்து நின்றது. தங்கம் போன்ற கடத்தும் பொருளைக் காப்புப் படலத்தின் மேல் ‘இடலாம்’ என்று அவர் எழுதியிருந்தார். படலத்தோடு ‘ஒட்டியிருக்கும்’ என்பது நாய்ஸின் சொல். மேலே இட்டதெல்லாம் ஒட்டியிருப்பதாகக் கொள்ள முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1969இல் நாய்ஸின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் இரு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று உரிமம் வழங்கிக்கொள்ள 1966இலேயே உடன்பட்டுவிட்டன. இன்று இருவருமே சில்லின் ஆசிரியர்களாகப் போற்றப்படுகிறார்கள். ஆனாலும் விண்ணப்பம் எழுதுவோருக்கு அந்த ஒரு வினைச்சொல் இன்றுவரை பாடம். நான் ஒவ்வொரு வரைவிலும் வினைச்சொற்களைத் தனியாக ஒருமுறை படித்துப் பார்ப்பதற்குக் காரணமும் அதுவே.

மூன்றாவது கேள்விக்கு விடை, ‘கொள்ளக் கூடாது’ என்பதுதான். காப்புரிமை அலுவலகத்தின் தேர்வாளர் ஆவணத்தைப் படிக்கிறார். முன்பே வெளியான அறிவோடு ஒப்பிடுகிறார். துறை தெரிந்த ஒருவர் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்கு விளக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார். கருவியை இயக்கிப் பார்ப்பது அவருடைய வேலை அல்ல. ஜூலியஸ் லிலியன்ஃபெல்டு என்ற இயற்பியலாளர், மின்புலத்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் திண்மக் கருவிக்கு 1925இலேயே கனடாவில் விண்ணப்பித்தார். அமெரிக்கக் காப்புரிமை 1930இல் கிடைத்தது. அதைச் செய்துகாட்டத் தேவையான தூய குறைக்கடத்திப் பொருள் அன்றைய உலகில் இல்லை. ஆயினும், 1947இல் டிரான்சிஸ்டரை உருவாக்கிய பெல் ஆய்வகத்தார் இதே புலவிளைவுக் கருத்துக்கு விரிந்த உரிமை கோர முற்பட்டபோது, லிலியன்ஃபெல்டின் பழைய தாள்கள் குறுக்கே நின்றன. எனவே காப்புரிமை என்பது தரச்சான்று அன்று. ‘இதை நான் முதலில், இவ்வளவு விளக்கமாக, இந்த நாளில் சொன்னேன்’ என்பதற்கான பதிவும், அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் பிறரைத் தடுக்கும் உரிமையுமே அது.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுமை, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத தன்மை, தொழிலில் பயன்படும் தன்மை ஆகிய மூன்றும் எல்லாத் துறைகளுக்கும் பொது. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாடு, தொழில்நுட்பத் துறை எதுவாயினும் வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. காலமும் விண்ணப்ப நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டுகள். ஆனால் அதே உடன்பாடு, மனிதருக்கும் விலங்குக்குமான நோயறியும் முறைகளையும் மருத்துவ முறைகளையும், நுண்ணுயிர் நீங்கலான தாவரங்களையும் விலங்குகளையும் விலக்கிவைக்க நாடுகளுக்கு இடம் தருகிறது. உங்கள் நான்கில் இரண்டு துறைகளுக்கு வேலி இருக்கும் இடம் வேறு. அதை அந்தத் துறையினர் சொல்வதே முறை.


மறுமொழி 2: நுண்ணோக்கி

நோயறியும் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் தொடர்கிறேன்.

தமிழில் எழுதும்போது நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இயற்கையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை முதன்முதலாகக் காண்பதையும், உலகில் இல்லாத ஒன்றை ஆக்குவதையும் ‘கண்டுபிடிப்பு’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். காப்புரிமைச் சட்டமோ இவ்விரண்டுக்கும் இடையிலான வேலியின் மேல்தான் நிற்கிறது. மாணவர்களுக்கு எழுதும்போது முதலாவதைக் ‘கண்டறிதல்’ என்றும் இரண்டாவதைப் ‘புத்தாக்கம்’ என்றும் பிரித்துவிடுங்கள். என் துறையில் நடந்த பெரிய வழக்குகள் எல்லாம் இந்த இரு சொற்களுக்கு இடையில் நடந்தவையே.

பி.சி.ஆர். என்று நாம் அழைக்கும் பாலிமரேஸ் தொடர்வினையை எடுத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ. இழைகளைச் சூடாக்கிப் பிரித்து, சற்றுக் குளிர்வித்துத் தொடக்க இழைகளைப் பொருத்தி, நொதியைக் கொண்டு நகலெடுத்து, இதையே திரும்பத் திரும்பச் செய்தால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிக்கும். 30 சுற்றுகள் முடியும்போது, இழப்பே இல்லையென்றால், ஒரே இழையிலிருந்து 100 கோடிக்கு மேற்பட்ட நகல்கள் கிடைக்கும். அதனால்தான் கண்ணுக்கும் கருவிக்கும் தட்டுப்படாத அளவு கிருமியையும் பிடித்துவிட முடிகிறது. சீட்டஸ் நிறுவனத்தின் கேரி முல்லிஸ் இதை வகுத்தார். 1987இல் காப்புரிமை கிடைத்தது. 1991இல் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனம் 30 கோடி டாலர் கொடுத்து அந்த உரிமைகளை வாங்கியது. 1993இல் முல்லிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நொதியும் டி.என்.ஏ.வும் இயற்கையில் இருப்பவை. ஆனால் அந்தச் சுற்று முறை இயற்கையில் எங்கும் இல்லை, அது புத்தாக்கம். இதில் யாருக்கும் பெரிய தயக்கம் இருந்ததில்லை.

தயக்கம் மரபணுவில் வந்தது. மார்பகப் புற்றுநோய், சூலகப் புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பைக் கூட்டும் மாற்றங்கள் நிகழும் இரு மரபணுக்களை உடலிலிருந்து பிரித்தெடுத்த நிலையில் மிரியட் ஜெனட்டிக்ஸ் நிறுவனம் உரிமை கொண்டாடியது. அமெரிக்காவில் அந்தச் சோதனையை நடைமுறையில் அந்த ஒரே நிறுவனம்தான் செய்தது. இன்னொரு ஆய்வகத்தில் மறுசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள முடியாத நிலையில் ஒரு பெண், தன் உடலுறுப்பை அகற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்ததனால் மட்டும் அது புத்தாக்கம் ஆகிவிடாது. ஆய்வகத்தில் ஆக்கப்பட்ட நிரப்பு டி.என்.ஏ. உரிமைக்குத் தகுதியுடையது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் 2015இல் அந்த நிறுவனத்திற்கு எதிராகவே தீர்ப்புக் கூறியது. இந்தத் தீர்ப்புகள் சரியானவை என்பதில் எனக்கு உறுதி உண்டு.

ஆனால் அதே வேலி இன்னொரு வழக்கில் என்னை வருத்துகிறது. கருவுற்ற தாயின் குருதிநீரில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்பதை டெனிஸ் லோவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1997இல் காட்டினார்கள். அதுவரை கழிவென்று ஒதுக்கப்பட்ட குருதிநீரிலிருந்து கருவைப் பற்றி அறியும் வழி பிறந்தது. கருப்பைக்குள் ஊசி செலுத்தும் சோதனையும், அதனால் சிலருக்கு நேரும் கருச்சிதைவும் பல தாய்மாருக்குத் தேவையற்றுப் போயின. 2015இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், இது இயற்கை நிகழ்வைக் கண்டறிந்ததோடு ஏற்கெனவே தெரிந்த சோதனை முறைகளைச் சேர்த்ததே என்று சொல்லி அந்தக் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. தீர்ப்புக்கு உடன்பட்ட நீதிபதிகளில் ஒருவரே, இயற்கை விதிகள் பற்றிய 2012ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தம் கையைக் கட்டியிருப்பதால்தான் உடன்படுவதாக எழுதினார். இதற்கு உரிமை கிடைத்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். எக்ஸ் கதிரைக் கண்டறிந்த ரான்ட்ஜன் அதற்குக் காப்புரிமை எடுக்க மறுத்தார். ஒரே வகை எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் வேண்டிய அளவு ஆக்கித் தரும், 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் வகுத்த ஒற்றை நகல் எதிர்ப்பொருள் முறைக்கும் காப்புரிமை எடுக்கப்படவில்லை. வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவுறுதல் சோதனைப் பட்டைகள் அந்த எதிர்ப்பொருள்களால்தான் இயங்குகின்றன. நோயறிதலின் வரலாற்றைக் காப்புரிமைப் பட்டியலிலிருந்து மட்டும் எழுதினால் இவை இரண்டும் விடுபட்டுப் போகும்.


மறுமொழி 3: ஏர்முனை

உழவைப் பற்றி நான் எழுதுகிறேன். கருவி என்றால் சிக்கல் குறைவு. ஆனால் அங்கும் சொல் ஒன்று ஒருவரை வீழ்த்தியிருக்கிறது. பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் எந்திரத்துக்கு எலி விட்னி 1794 மார்ச் 14 அன்று காப்புரிமை பெற்றார். எந்திரத்தை விற்காமல், அரைத்துக் கொடுத்த பஞ்சில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூலியாகக் கேட்டார். பண்ணையார்கள் அதைக் கொடுக்க மனமின்றித் தாங்களே எந்திரத்தைச் செய்துகொண்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டமோ ‘செய்து பயன்படுத்துவதை அல்லது விற்பதை’ மீறல் என்றது. செய்ததையும் பயன்படுத்தியதையும் சேர்த்து மெய்ப்பிக்க முடியாமல் விட்னி வழக்கில் தோற்றார். 1800இல்தான் சட்டத்தைத் திருத்தி, ‘செய்வதை, பயன்படுத்துவதை, அல்லது விற்பதை’ எனத் தனித்தனியாக்கினார்கள். அன்று காப்புரிமைக்கு 14 ஆண்டுகளே ஆயுள். பாதிக் காலம் வழக்காடுவதிலேயே கழிந்தது.

விதை வேறு கதை. பிரேக் இன்னொரு பிரேக்கை ஈனாது, விதை ஈனும். விற்ற பொருளின் மேல் காப்புரிமையாளருக்குப் பிடி தளர்ந்துவிடும் என்பது பொது விதி. வாங்கிய எந்திரத்தை நான் யாருக்கும் விற்கலாம். வாங்கிய விதையை விதைத்து, விளைந்ததை மீண்டும் விதைத்தால், அது பயன்பாடா, நகலெடுப்பா? களைக்கொல்லியைத் தாங்கும் சோயா விதை தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் ஒருமனதாக, அது நகலெடுப்பே என்றது. தானியக் கிடங்கில் உணவுக்கென விற்ற சோயாவை வாங்கி விதைத்த உழவர் ஒருவர் 84,000 டாலருக்கு மேல் இழப்பீடு செலுத்த வேண்டியதாயிற்று.

இந்தியச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 3, விதைகளையும் பயிர் வகைகளையும் வேளாண்மை முறைகளையும் காப்புரிமைக்கு வெளியே நிறுத்துகிறது. பயிர் வகைப் பாதுகாப்பு, உழவர் உரிமைகள் பற்றிய 2001ஆம் ஆண்டுச் சட்டம், விதையைச் சேமித்துவைக்கவும் விதைக்கவும் பரிமாறவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்ட விதையாக விற்பது மட்டும் கூடாது. நிலத்தில் இறங்குபவனின் பார்வையில் இதுவே நேர்மையான எல்லை என்பது என் எண்ணம். எனினும் புதிய வகைகளை உருவாக்குவோர் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் உழைக்கிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை.

வேம்பையும் சொல்லாமல் விட முடியாது. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிரின் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் உரிமை வழங்கியது. உழவர்கள் முன்பே அறிந்த ஒன்று என்று எதிர்ப்பாளர்கள் சான்றுகளோடு வாதிட்டதால் 2000இல் அது நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடி ஆயிற்று. ‘முன்பே வெளியான அறிவு’ என்று மேலே சொல்லப்பட்டது இதைத்தான். வாய்வழியாக வந்த அறிவு ஏட்டில் இல்லாவிட்டால் தேர்வாளர் கண்ணில் படாது. பட்டபோது உரிமை கலைந்தது.


தேடல்மனம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘கண்டறிதல்’, ‘புத்தாக்கம்’ என்ற பிரிப்பை இன்றே என் குறிப்புகளில் புகுத்திவிட்டேன். ஆனால் பிரேக்கைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. டிஸ்க் பிரேக்குக்கு 1902இலேயே பிரிட்டனில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றார் என்று படித்தேன். கார்களில் அது பரவலானது 1950களுக்குப் பிறகுதான். அப்படியானால் காப்புரிமைதான் அரை நூற்றாண்டு அதைத் தடுத்து வைத்ததா?


மறுமொழி 4: சக்கரத்தடம்

கனரக வண்டிகளின் பிரேக் வடிவமைப்பில் இருப்பவன் நான். இல்லை, காப்புரிமை தடுக்கவில்லை. அன்றைய பிரிட்டன் சட்டப்படி அதற்கு 14 ஆண்டுகள்தான் ஆயுள். அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது எடுப்பாரின்றிக் கிடந்தது. தடுத்தது பொருள். லான்செஸ்டர் உலோகத் தட்டின் மேல் செம்புப் பட்டைகளை அழுத்தினார். உலோகம் உலோகத்தோடு உரசிக் கிறீச்சிட்டது, விரைவில் தேய்ந்தது. வெப்பத்தைத் தாங்கும் உராய்வுப் பட்டைகளும் வலிமையான நீரழுத்த இயக்கமும் வந்த பிறகே அந்த வடிவம் உயிர்பெற்றது. 1953இல் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார்கள் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடையாகத் தொடர்வண்டிப் பிரேக்கைக் காட்டுவேன். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869 ஏப்ரலில் பெற்ற காற்றுப் பிரேக்குக்கான காப்புரிமையில், ஓட்டுநர் குழாய் வழியே அழுத்தக் காற்றை அனுப்பினால் பெட்டிகளின் பிரேக் பிடிக்கும். இதில் கொடிய குறை ஒன்று இருந்தது: வண்டி நடுவில் அறுந்தால் குழாயும் அறும், காற்று வெளியேறும், கழன்ற பெட்டிகளுக்குப் பிரேக்கே இருக்காது. 1872இல் அவர் கருத்தையே தலைகீழாகத் திருப்பினார். ஒவ்வொரு பெட்டியிலும் காற்றுக்கலம் ஒன்றையும் மூவழி அடைப்பிதழ் (வால்வு) ஒன்றையும் வைத்து, குழாயில் எப்போதும் அழுத்தம் நிற்கும்படி செய்தார். அழுத்தம் குறைந்தால் அடைப்பிதழ் நகர்ந்து, பெட்டியின் சொந்தக் கலத்திலிருந்து காற்று பிரேக் உருளைக்குப் பாயும். குழாய் அறுந்தால் வண்டி தானாக நிற்கும். ‘காற்றுப் பிரேக்’ என்ற ஊர்ப்பெயர் இரண்டுக்கும் ஒன்றே. எல்லைகள் முற்றிலும் வேறு. இன்றும் லாரிகளின் காற்றுப் பிரேக்கில் அழுத்தம் போய்விட்டால் சுருள்வில் பாய்ந்து சக்கரத்தைப் பிடிக்கிறதே, அதன் பின்னிருப்பது இதே எண்ணம்தான். ஒவ்வொரு முறை அதை வரையும்போதும் எனக்கு வியப்பு குறைந்ததில்லை.

அதே வெஸ்டிங்ஹவுஸின் பிந்தைய காப்புரிமை ஒன்றை வைத்து பாய்டன் என்ற நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கில், 1898இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரிய தீர்ப்பு ஒன்றைச் சொன்னது. எதிரியின் பிரேக் கோரிக்கையின் எழுத்துக்குள் அடங்கினாலும், வேலை செய்யும் தத்துவம் மிகவும் வேறுபட்டிருப்பதால் மீறல் இல்லை என்றது. ஆகவே சொல்லே எல்லை என்று வரைவுமேசை எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எழுத்துக்குள் அடங்குவது மட்டுமே சில வேளைகளில் போதாது.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் முறைக்கு வருகிறேன். உங்கள் பட்டியலின் இரண்டு துறைகள் அங்கே கைகோக்கின்றன. ஈரச் சாலையில் பிரேக்கை முழு விசையோடு மிதித்தால் சக்கரம் சுழலாமல் வழுக்கும். வழுக்கும் சக்கரத்துக்குப் பிடிப்பும் குறையும், திருப்பினால் திரும்பவும் செய்யாது. எனவே சக்கரம் பூட்டப் போகும் கணத்தை உணர்ந்து அழுத்தத்தைத் தளர்த்தி, நிறுத்தி, மீண்டும் ஏற்ற வேண்டும். இதை ஒரு நொடிக்குள் பலமுறை செய்ய வேண்டும். பாஷ் நிறுவனம் இதற்கு 1936இலேயே காப்புரிமை பெற்றது. ஆனால் அவ்வளவு விரைவாகக் கணக்கிடும் மூளை அன்று இல்லை. பிற்காலச் சோதனைக் கருவிகளின் மின்னணுப் பெட்டியில் ஏறத்தாழ 1000 உறுப்புகள் இருந்தன. அதிர்விலும் வெப்பத்திலும் அவற்றை நம்ப முடியவில்லை. கில்பியும் நாய்ஸும் தொடங்கிவைத்த ஒருங்கிணைந்த சுற்றுகள் வளர்ந்து, அந்த எண்ணிக்கையை 140 அளவுக்குக் குறைத்த பிறகுதான், 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. கருத்து 42 ஆண்டுகள் காத்திருந்தது சில்லுக்காக.

இன்று என் துறையில் வரும் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் ‘பழைய மிதியில் புதிய உணரியைப் பொருத்தினேன்’ என்ற வகையைச் சேர்ந்தவை என்று தோன்றுகிறது. முடுக்கி மிதியில் மின்னணு உணரி பொருத்திய காப்புரிமை ஒன்றைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல், தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த முறையில் சேர்த்து, எதிர்பார்த்த பயனையே பெறுவது புத்தாக்கம் ஆகாது என்றது. மாணவருக்கு எழுதும்போது ‘என்ன சேர்த்தார்’ என்பதோடு நிறுத்தாமல், ‘அதனால் எதிர்பாராத எது கிடைத்தது’ என்றும் கேட்டு எழுதுங்கள்.


மறுமொழி 5: வரைவுமேசை

சக்கரத்தடம் எழுதிய திருத்தத்தை ஏற்கிறேன். பாய்டன் தீர்ப்பு மிக அரிதாகவே பின்பற்றப்பட்டாலும் அது சட்டமே.

நடைமுறைக் குறிப்புகள் சில. விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களில் வெளியிடப்படும். வெளியானதாலேயே உரிமை கிடைத்ததாகாது. செய்திகளில் காணும் ‘காப்புரிமை பெற்ற’ பொருள்கள் பல இந்த நிலையில்தான் இருக்கின்றன. உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் தனி. ஒரு நாட்டில் பெற்றது எல்லைக்கு அப்பால் செல்லாது. புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தாவிட்டால் 20 ஆண்டுகளுக்கு முன்பே காலாவதியாகும். அதன் பிறகு அதில் உள்ளதை யாரும் செய்யலாம். துறைவாரியாகத் தேட அனைத்துலக வகைப்பாட்டுக் குறிகள் உதவும்: உழவுக்கு ஏ01 (A01), பொருள்களின் பகுப்பாய்வுக்கு ஜி01என் (G01N), வண்டிகளின் பிரேக் கட்டுப்பாட்டுக்கு பி60டி (B60T), குறைக்கடத்திகளுக்கு நெடுங்காலம் எச்01எல் (H01L), 2023 முதல் படிப்படியாக எச்10 (H10).


தேடல்மனம்

பயிற்சியாக ஒரு பழைய காப்புரிமையை எடுத்து எழுதிப் பார்த்தேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

‘ஜோசஃப் கிளிடன் 1874 நவம்பர் 24 அன்று வேலிக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். முள் வைத்த கம்பி அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் முட்கள் நழுவின. இரண்டு கம்பிகளில் ஒன்றில் முள்ளைப் பொருத்தி, மற்றதை அதன்மேல் முறுக்கி, முள் நகராதபடி இறுக்கியதே அவருடைய புத்தாக்கம்.’


வரைவுமேசை

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். ‘பொருத்தி’ என்ற சொல் கோரிக்கையைவிட விரிந்தது, பற்றவைப்பதும் பொருத்துவதுதான். முள்ளாகும் சிறு கம்பியை நடுவில் வளைத்து, முதல் கம்பியைச் சுற்றிவிட வேண்டும் என்பது கிளிடனின் கோரிக்கை. ‘நடுவில் வளைத்துச் சுற்றி’ என்று மாற்றிவிட்டு மாணவர்களிடம் கொடுங்கள்.